பிபிக்குப் பூண்டு: நசுக்குவது, காத்திருப்பது, அளந்து பார்ப்பது

பிபி இருப்பது தெரிந்த நாளிலிருந்து, காலையில் வெறும் வயிற்றில் ஒரு பல் பூண்டை உரித்து மாத்திரை மாதிரி தண்ணீரோடு முழுங்குகிறவர்கள் நிறையப் பேர். பூண்டைச் சாப்பிட எத்தனையோ வழி இருக்கிறது. அதில் இதுதான் மிக மோசமானது. காரம் தெரியாது, வாயில் வாடை வராது. அந்தக் காரமும் வாடையும் உருவாகாததால்தான் பலனும் கிடைப்பதில்லை.

உரித்த பல்லை மூக்கருகே வைத்துப் பாருங்கள், பெரிதாக வாசம் இருக்காது. கத்தியின் தட்டைப் பக்கத்தால் ஒரு அழுத்து அழுத்தினால் அறை முழுக்க வாசம். முழுப் பல்லுக்குள் அல்லீன் என்ற பொருள் ஒரு பக்கமும், அல்லினேஸ் என்ற நொதி தனிப் பைக்குள் இன்னொரு பக்கமும் இருக்கின்றன. செல் உடைந்தால் இரண்டும் கலந்து, சில நொடிகளில் அல்லிசின் உண்டாகிறது. 1944-ல் அமெரிக்காவில் காவலிட்டோ, பெய்லி என்ற இருவர் இந்த அல்லிசினைப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தார்கள். முழுசாக முழுங்கிய பல் நேராக வயிற்று அமிலத்துக்குள் விழுகிறது. அமிலத்தின் பிஎச் 3-க்குக் கீழே இருந்தால் அந்த நொதி செத்துவிடும், மறுபடி உயிர் பெறாது. நொதி போன பிறகு அல்லீன் இருந்தும் அல்லிசின் வராது. போதாக்குறைக்கு, பெரிய பல் உணவுக்குழாயில் சிக்கி அங்கேயே புண்ணாக்கவும் வாய்ப்புண்டு.

எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதற்கு முன்னால், எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று சொல்லிவிடுகிறேன். இதில்தான் மிகைப்படுத்தல் அதிகம்.

பூண்டை வைத்து நடந்த பிபி ஆய்வுகளில் கவனிக்கத்தக்கவை ஆஸ்திரேலியாவில் காரின் ரீட் என்ற ஆய்வாளரின் குழு செய்தவை. 2013-ல் வெளிவந்த ஆய்வில், ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டும் பிபி கட்டுக்குள் வராத 79 பேரைப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வெற்றுக் கேப்ஸ்யூலும் மற்ற மூன்று பிரிவுகளுக்கு முதிர்த்த பூண்டுச் சாறு (பூண்டைப் பல மாதம் ஊறவைத்து எடுப்பது) மூன்று வெவ்வேறு அளவுகளிலும் 12 வாரம் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு 240 மி.கி. எடுத்தவர்களிடம் சொல்லும்படி மாற்றமில்லை. 480 மி.கி. எடுத்தவர்களுக்கு மேல் அளவு (120/80 என்பதில் 120 இருக்கும் இடம்) சுமார் 12 புள்ளி இறங்கியது. அதற்கு இரட்டிப்பாக 960 மி.கி. எடுத்ததில் கூடுதல் லாபம் தெரியவில்லை. 2020-ல் இதே ஆய்வாளர், பிபி உள்ள 553 பேரை உள்ளடக்கிய 12 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, சராசரி இறக்கம் மேல் அளவில் 8 புள்ளிக்குச் சற்று மேல், கீழ் அளவில் ஐந்தரை என்று வந்தது. பிபி முதலிலேயே சரியாக இருப்பவர்களுக்குப் பூண்டால் ஏறக்குறைய மாற்றமே இல்லை.

8 புள்ளி சின்ன விஷயமில்லை. ஒரு சாதாரண பிபி மாத்திரை இறக்குவதற்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் இவை சிறிய ஆய்வுகள், பெரும்பாலும் மூன்று மாதத்தில் முடிந்தவை. ஆஸ்திரேலிய ஆய்வுகளுக்குக் கேப்ஸ்யூல் கொடுத்தது அதைத் தயாரிக்கும் நிறுவனமே. பூண்டு சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதமோ மாரடைப்போ குறைந்ததா என்ற கேள்விக்கு, 2012-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு தேடிப் பார்த்து, சொல்வதற்குப் போதிய ஆதாரமில்லை என்று முடித்தது. மாத்திரைகளுக்கு அந்த ஆதாரம் மலை மலையாக இருக்கிறது. அதனால் என் கருத்து இது: மாத்திரை, உப்புக் குறைப்பு, நடை, எடை இவற்றோடு கூடச் சேர்த்துக்கொள்ளப் பூண்டு தகுதியானது. இவற்றில் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்கத் தகுதியில்லை.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு ஓரளவு விளக்கம் கிடைத்திருக்கிறது. 2007-ல் அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்ஹாம் கிளையில் செய்த சோதனையில், பூண்டின் கந்தகச் சேர்மங்களைச் சிவப்பணுக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றுவதையும், அந்த வாயு ரத்தக்குழாய்ச் சுவரைத் தளர்த்துவதையும் பார்த்தார்கள். அழுகிய முட்டை வாடைக்குக் காரணமான அதே வாயுதான். இங்கே மிக நுண்ணிய அளவில்.

பச்சைப் பூண்டு: அளவும் செய்முறையும்

உலக சுகாதார நிறுவனம் மருந்துச் செடிகளுக்கு வெளியிட்ட கையேட்டில் பச்சைப் பூண்டுக்கு நாளொன்றுக்கு 2 முதல் 5 கிராம் என்று இருக்கிறது. நடுத்தரப் பல் ஒன்று 3 அல்லது 4 கிராம் வரும். ஆனால் சில வகைகளில் ஒரு பல்லே 10 கிராம் தாண்டும், சிலவற்றில் 1 கிராம்கூடத் தேறாது. ஆகவே "ரெண்டு பல்" என்பது ஒரு அளவே இல்லை. நீங்கள் வழக்கமாக வாங்கும் பூண்டில் பத்துப் பல்லை உரித்துச் சமையல் தராசில் வைத்து, வரும் எடையைப் பத்தால் வகுங்கள். ஒரு தடவை செய்தால் போதும்.

உரித்த பல்லின் அடிவேரை நறுக்கி எறியுங்கள். நடுவில் பச்சையாக முளை இருந்தால் பயப்பட வேண்டாம், அது விஷமில்லை. சற்றுக் கசக்கும், அவ்வளவுதான். இடிகல்லில் போட்டு நசுக்கலாம், இல்லையென்றால் தட்டி நசுக்கிவிட்டுப் பொடிப்பொடியாக அரியலாம். துண்டுகள் தனித்தனியாக உலர்ந்து தெரிந்தால் இன்னும் நசுங்கவில்லை என்று அர்த்தம். சாறு கசிந்து, விரலில் பிசுபிசுவென்று ஒட்டும் பதம் வர வேண்டும். அதைத் தட்டில் பரப்பி 5 முதல் 10 நிமிடம் விடுங்கள். உடைந்த செல்களில் வேலை உடனே முடிந்துவிடும். பாதி உடைந்தவற்றுக்குத்தான் இந்த அவகாசம். ராத்திரியே நசுக்கி வைத்துக் காலையில் சாப்பிட வேண்டிய அவசியமில்லை. அதில் லாபமும் இல்லை.

எலுமிச்சைச் சாறோ வினிகரோ சேர்ப்பதென்றால் இந்தப் பத்து நிமிடம் கழிந்த பிறகு சேருங்கள். முன்பே ஊற்றினால் வயிற்று அமிலம் செய்யும் வேலையை எலுமிச்சை தட்டிலேயே ஓரளவு செய்துவிடும். முழுப் பல்லை வினிகரில் ஊறப்போட்டு வைப்பதும் இதே காரணத்தால் பெரும்பாலும் வீண்.

பிறகு, கொதிக்காத எந்த உணவோடும் கலக்கலாம். தயிரில் கலந்தால் காரம் அடங்கும். சூப்பில் போடுவதென்றால் அடுப்பை அணைத்து, வாயில் வைக்கிற சூட்டுக்கு வந்த பிறகு போடுங்கள். சாப்பாட்டின் நடுவில் எடுப்பது நல்லது. வெறும் வயிற்றில்தான் சாப்பிட வேண்டும் என்பதற்கு நசுக்கிய பூண்டைப் பொறுத்தவரை எந்தக் காரணமும் இல்லை. அல்லிசின் தட்டிலேயே உண்டாகிவிட்டது. அது உண்டாக வயிற்றின் தயவு வேண்டியதில்லை. வெறும் வயிற்றில் சாப்பிட்டால் கூடுதலாகக் கிடைப்பது நெஞ்செரிச்சலும் குமட்டலும்தான். பலர் முதல் வாரத்திலேயே பூண்டை விட்டுவிடுவது இதனால்தான். பாதிப் பல்லில் ஆரம்பித்து, ஒரு வாரம் ஒத்துக்கொண்டால் ஒரு பல்லுக்குப் போகலாம். அதற்கு மேல் ஏற்றிக்கொண்டே போனால் பிபி அதே வேகத்தில் இறங்காது; வயிறுதான் கெடும்.

வேகவைத்தால் எல்லாம் போய்விடுமா? முழுப் பல்லை அப்படியே மைக்ரோவேவில் ஒரு நிமிடம் வைத்தாலே நொதி அடங்கிவிடும். நசுக்கிப் பத்து நிமிடம் விட்டுவிட்டுச் சூடாக்கினால் கொஞ்சம் மிஞ்சும். 2018-ல் வெளியான ஒரு ஆய்வு இதைச் சுவாரசியமாக அளந்தது. பூண்டு சாப்பிட்டவர்களின் மூச்சில் வெளிவரும் கந்தக வாயுவைக் கணக்கிட்டு, உடம்புக்குள் எவ்வளவு போனது என்று பார்த்தார்கள். நசுக்கிய பச்சைப் பூண்டை நூறு என்று வைத்தால், வேகவைத்தது 16, சுட்டது 30 என்று வந்தது. பூஜ்யம் என்று பலரும் நினைத்திருந்த இடத்தில் இது கொஞ்சம் ஆச்சரியம்தான். பச்சையாக ஒத்துக்கொள்ளாதவர்கள் சமைத்த பூண்டைத் தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் அதை மருந்துக் கணக்கில் வைக்காதீர்கள்.

சமையலில் பூண்டுக்கு இன்னொரு உபயோகம் இருக்கிறது. வாசமும் காரமும் தூக்கலாக இருந்தால் உப்பைக் குறைத்தாலும் நாக்கு அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்ற எல்லைக்கு இறங்கப் பூண்டு உதவினால், அல்லிசின் செய்வதற்குச் சமமான நன்மை அதிலேயே கிடைத்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: "பூண்டு உப்பு" என்று புட்டியில் வருவது பெரும்பாலும் உப்பு, பூண்டுத்தூள் கொஞ்சம். பிபிக்காரர் வாங்க வேண்டியது வெறும் பூண்டுத்தூள்.

எண்ணெயில் ஊறவைத்த பூண்டு

இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது உயிருக்கே ஆபத்தாகும். வாரத்துக்குத் தேவையான பூண்டை ஒரேயடியாக நசுக்கி எண்ணெயில் போட்டு வைத்தால் வசதி என்று தோன்றும். எண்ணெயில் அல்லிசின் ஒரு மணி நேரத்துக்குள் பாதியாகக் கரைந்து வேறு பொருளாக மாறிவிடுகிறது, அதனால் மருந்து என்ற கணக்கில் மறுநாளே அது காலி. பெரிய சிக்கல் வேறு. பூண்டு மண்ணில் விளைவது. மண்ணிலிருக்கும் பொட்டுலினம் கிருமியின் வித்துகள் அதில் ஒட்டியிருக்கலாம். எண்ணெய் காற்றை அடைத்துவிடும், பூண்டில் புளிப்பு கிடையாது, அறைச் சூடு வேறு. அந்தக் கிருமி நஞ்சு சுரக்க இதைவிட வசதியான இடம் கிடைக்காது. 1985-ல் கனடாவின் வான்கூவரில் ஒரே உணவகத்தில் எண்ணெய்ப் பூண்டு சாப்பிட்ட 36 பேருக்கு இந்த நஞ்சு தாக்கியது. 1989-ல் நியூயார்க் மாநிலத்தின் கிங்ஸ்டனில் மூன்று பேர். அதற்குப் பிறகுதான் கடையில் விற்கும் எண்ணெய்ப் பூண்டில் அமிலம் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்காவில் கட்டாயமானது. நஞ்சு சேர்ந்த பிறகும் வாசமோ ருசியோ மாறாமல் இருக்கலாம், முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தேனில் ஊறவைத்து வெளியில் வைப்பதையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். அன்றன்றைக்கு ஒரு பல் நசுக்க இரண்டு நிமிடம்தானே ஆகிறது.

நசுக்கிய பூண்டைத் தோலில் கட்டுப்போட்டு வைப்பதும் வேண்டாம். கொப்புளம் கிளம்பும் அளவுக்குச் சுட்டுவிடும், பிபிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மாத்திரை, கேப்ஸ்யூல்

டப்பாவில் "பூண்டு" என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றில்லை. முதிர்த்த பூண்டுச் சாறு என்பது நறுக்கிய பூண்டை நீர் கலந்த ஆல்கஹாலில் 20 மாதம் வரை ஊறவைத்து எடுப்பது. அதில் அல்லிசின் கிடையாது. அதற்குப் பதிலாக எஸ்-அல்லைல் சிஸ்டீன் என்ற நிலையான கந்தகப் பொருள் இருக்கும். மேலே சொன்ன 480 மி.கி. அளவில் அது 1.2 மி.கி. இருந்தது. லேபிளில் இந்த எண் போடாவிட்டால், ஆய்வில் கொடுத்த அளவோடு ஒப்பிட வழியே இல்லை. வாடை குறைவு, வயிற்றுக்கும் இதமானது, ஆதாரமும் இதற்குத்தான் அதிகம். வாங்குவதென்றால் என் தேர்வு இதுவே.

உலர்ந்த பூண்டுத்தூள் மாத்திரை வேறு ரகம். அதில் அல்லீனும் நொதியும் தூங்கிக்கொண்டிருக்கும், ஈரம் பட்டதும் அல்லிசின் உண்டாகும். வயிற்று அமிலத்தைத் தாண்டவே பல மாத்திரைகளுக்கு மேல்பூச்சு கொடுக்கிறார்கள். அந்த மாத்திரையை உடைத்தோ கடித்தோ சாப்பிட்டால் பூச்சு வீண். அல்லிசின் எவ்வளவு "உண்டாகக்கூடும்" என்று லேபிள் சொல்வது ஆய்வுக்கூடத் தண்ணீரில் அளந்த கணக்காக இருக்கலாம். குடலில் அது கரைகிறதா என்பது வேறு கேள்வி. மாத்திரை எடுத்துச் சில மணி நேரத்தில் மூச்சில் பூண்டு வாடை வந்தால் உள்ளே கரைந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். பூண்டு எண்ணெய்க் கேப்ஸ்யூலில் அல்லிசினும் இல்லை, எஸ்-அல்லைல் சிஸ்டீனும் சொல்லும்படி இல்லை. "இத்தனை கிராம் பச்சைப் பூண்டுக்குச் சமம்" என்ற வாசகத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

பூண்டு தருவதே 8 புள்ளி. அளக்கும்போது கை இதயத்தின் மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே தொங்கினால் பிபி சுமார் 8 புள்ளி கூடுதலாகக் காட்டும். அதாவது, ஒருநாள் கையை மடியில் வைத்தும் இன்னொருநாள் மேசையில் வைத்தும் அளந்தால், பூண்டே சாப்பிடாமல் பூண்டின் முழுப் பலனும் கிடைத்தது மாதிரி தெரியும். "எனக்குப் பத்து புள்ளி குறைந்தது" என்ற பேச்சுகளில் எத்தனை இந்த ரகமோ!

ஆகவே அளவு ஒழுங்காக இருக்க வேண்டும். மேற்கையில் கட்டும் கருவி வேண்டும், மணிக்கட்டுக் கருவி வேண்டாம். பட்டை உங்கள் கைச் சுற்றளவுக்குப் பொருந்த வேண்டும். சின்னப் பட்டையைப் பருத்த கையில் இறுக்கினால் கூடுதலாகக் காட்டும். அளப்பதற்கு முன் அரை மணி நேரம் காபி, சிகரெட், உடற்பயிற்சி கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காராதீர்கள். முதுகு சாய்ந்து, கால் தரையில் பதிந்து, கால் மேல் கால் போடாமல், 5 நிமிடம் பேசாமல் இருந்து அளங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை, காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும், ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு மற்ற ஆறு நாளின் சராசரியை எடுங்கள். வீட்டுக் கணக்கில் 135/85-க்கு மேல் இருந்தால் அது உயர் ரத்த அழுத்தம்.

இந்த ஒரு வாரக் கணக்கு பூண்டு ஆரம்பிப்பதற்கு முன்பு ஒன்று, 12 வாரம் முடிந்து ஒன்று. நடுவில் தினமும் பார்த்துச் சந்தோஷப்படுவதாலோ கவலைப்படுவதாலோ ஒன்றும் தெரியப்போவதில்லை. அந்த 12 வாரத்தில் மாத்திரையின் அளவு மாறியதா, எடை குறைந்ததா, குளிர்காலம் போய் வெயில்காலம் வந்ததா என்றும் குறித்து வையுங்கள்; வெயிலில் பிபி தானாகவே சற்று இறங்கும். மூட்டுவலிக்கு இப்யூப்ரூஃபென் மாதிரியான மாத்திரையோ மூக்கடைப்பு மாத்திரையோ எடுத்திருந்தால் அது ஏற்றிவிட்டிருக்கும். 12 வாரத்துக்குப் பிறகும் மாற்றமில்லையென்றால் உங்களுக்கு இது வேலை செய்யவில்லை, விட்டுவிடலாம்.

குறைந்திருந்தாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். குளோனிடின், பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் பிபி முன்பைவிட மேலே எகிறும். எழுதி வைத்த கணக்கை டாக்டரிடம் காட்டுங்கள், குறைப்பதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் அதையும் சொல்லுங்கள். 180/120 தாண்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் மரத்துப்போவது, பார்வை மங்குவது என்று எது வந்தாலும் பூண்டைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பூண்டு நிமிடக்கணக்கில் பிபியை இறக்காது.

யார் தள்ளி நிற்க வேண்டும்

பூண்டு ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைக் குறைக்கும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் எடுப்பவர்கள் சமையலில் வழக்கமாகச் சேரும் பூண்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆனால் தினமும் பச்சைப் பூண்டோ கேப்ஸ்யூலோ என்றால் டாக்டரிடம் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது. 1990-ல் பதிவான ஒரு நிகழ்வில், தினமும் சுமார் நான்கு பல் சாப்பிட்டு வந்த 87 வயதுக்காரருக்குத் தண்டுவடத்தருகே தானாக ரத்தம் கசிந்து கட்டியது. அரிதுதான், ஆனால் அவர் மருந்தாக நினைத்துத்தான் சாப்பிட்டார். அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பே நிறுத்துங்கள். பல் பிடுங்கப் போனாலும் பூண்டு சாப்பிடுவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாத்திரைப் பட்டியலைக் கேட்கும்போது பூண்டைச் சொல்லாமல் விடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

எச்ஐவிக்கான சாக்வினாவிர் மருந்தின் ரத்த அளவைப் பூண்டுக் கேப்ஸ்யூல் பாதியாகக் குறைத்தது ஒரு ஆய்வில் தெரியவந்தது. அந்த மருந்தோடு கூடவே கூடாது. நெஞ்செரிச்சல் நோய் உள்ளவர்களுக்கும், பூண்டு சாப்பிட்டாலே வயிறு உப்புகிறவர்களுக்கும் பச்சைப் பூண்டு சரிப்படாது. கர்ப்பிணிகள் சமையல் அளவோடு நிற்கலாம்.

வாடை விஷயம். பல் துலக்குவது பாதிதான் உதவும். அல்லிசின் உடம்புக்குள் அல்லைல் மெத்தில் சல்ஃபைடாக மாறி, ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாக மூச்சில் வருகிறது. ஒரு நாள் முழுக்கக்கூட வரலாம். பூண்டு சாப்பிடும்போதே கொழுப்பு நீக்காத பால் குடித்தால் குறையும். சாப்பிட்டு முடித்த பிறகு குடித்தால் அவ்வளவு பலனில்லை. சமைக்காத ஆப்பிளோ புதினா இலையோ மென்றாலும் குறையும். வெளியே போகிற வேலை இருந்தால் பூண்டை ராத்திரிச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளலாம். காலையில்தான் சாப்பிட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.